குதிகாலும் நாணும்

வடசென்னையில் வியாசர்பாடி என்னும் பகுதி உளது. பெயரைக் கேட்ட அளவில் பாரதம் இயற்றிய வியாசர் நினைவுக்கு வருவார். ஆயின், இந்நாளில் அவ்வூரை அறிந்தோர்க்கு முதற்கண் நினைவுக்கு வருவது கால்பந்தே ஆகும். ‘சின்ன பிரேசில்’ என்று அதனைச் செல்லமாக அழைப்பாரும் உளர். துறைமுகத்தில் சுமை தூக்குவோர், 1996-ஆம் ஆண்டில் மூடப்பெற்ற பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் நாள்தோறும் நின்றவாறே தறி ஓட்டிய தொழிலாளர், மீன் கூடை சுமக்கும் மகளிர் ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாலை வேளைகளில் முல்லை நகர்த் திடலில் பந்துதைத்து ஆடுவர். காலுறையும் காலணியும் அணிந்தோர் சிலர், வெறுங்காலினர் பலர்.

தமிழாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்ற பின், யானும் அத்திடலின் ஓரத்தில் மாலைதோறும் அமர்வது வழக்கமாயிற்று. எங்கள் பக்கத்து வீட்டுப் பேரன் ஒருவன் அங்கே ஆடுவான். அவனுக்கு வயது பதினொன்று. பந்து அவன் காலில் பட்டால் பிரிய மனமின்றி ஒட்டிக்கொள்ளும். சென்ற ஆண்டு மாவட்டச் சிறுவர் அணிக்குரிய தேர்வு நெருங்கிய வேளையில், அவன் ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது குதியை நிலத்தில் ஊன்றாமல் முன்காலாலேயே நடந்து வருதலைக் கண்டேன்.

“என்ன தம்பி, முள் தைத்ததோ?” என்றேன்.

“முள் இல்லை, தாத்தா. குதியின் பின்பக்கம் வலிக்கிறது. ஓடினால் மிகுதியாகிறது, காலையில் எழுந்தவுடன் சற்றுக் குறைவாக இருக்கிறது” என்றான்.

அவன் பாட்டி, ‘நரம்பு பிசகியிருக்கும், சுளுக்கு எடுத்தால் சரியாகும்’ என்றார். யானும் அதற்கு உடன்பட்டேன். உடன்பட்டதோடு நில்லாமல், நல்லெண்ணெய் காய்ச்சி என் கையாலேயே அவன் குதியை அழுத்தித் தேய்த்தேன். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். மறுநாள் வலி இருமடங்காயிற்று. அடிமுதல் முடிவரை வருணிக்கும் பாதாதிகேசப் பாடல்களை மாணவர்க்கு முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். ஆயினும் ஓர் அடியின் உள்ளே இருப்பது யாது என்பதை அறியாமலே அன்று அச்சிறுவனுக்குத் துன்பம் செய்துவிட்டேன். அந்த வருத்தமே என்னை அவனோடும் அவன் பாட்டியோடும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது. அங்கே கற்றதையே ஈண்டு எழுதுகின்றேன்.

மருத்துவ அம்மையார் இளம்வயதினர். நடந்ததை யான் ஒளியாது கூறினேன். அவர் சினந்து கொள்ளவில்லை. மேசை மேலிருந்த ஓர் எலும்பை எடுத்து என் கையில் கொடுத்தார். “ஐயா, இதுதான் குதியெலும்பு” என்றார். ஒரு சிறு செங்கல்லை மூலை மழுக்கியது போன்ற தோற்றம் உடையது அது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள. அவற்றுள் பெரியது இதுவே. உடலின் பாரம் கணைக்கால் வழியே இறங்கி, கணுவில் உள்ள எலும்பின் மேல் அமர்ந்து, அதனின்று இக்குதியெலும்பின் மேல் வந்து பொறுக்கின்றது. எலும்பின் பின்முகத்தை விரலால் தடவச் சொன்னார். மேற்பகுதி வழவழப்பாக இருந்தது. நடுப்பகுதியோ சொரசொரப்பாக, வரிவரியாக இருந்தது. “அந்தச் சொரசொரப்பான இடத்திலேதான் நாண் பற்றியிருக்கிறது” என்றார்.

நாண் என்பது யாது? முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் திரண்டிருக்கும் தசையை நாம் ஆடுசதை என்போம்; அவ்விடத்தைக் கெண்டைக்கால் என்றும் கூறுவோம். நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கிய வடிவால் கெண்டை மீனை நிகர்த்தலின் அப்பெயர் பெற்றது. கம்பரும் நாடவிட்ட படலத்தில் சீதையின் கணைக்காலுக்குச் சூல்கொண்ட வரால் மீனை உவமை கூறினார். வியப்பு யாதெனின், ஆடுசதையின் அடியிலே மறைந்து கிடக்கும் தட்டையான தசைக்கு மேனாட்டார் இட்ட இலத்தீன் பெயரும், செருப்பையும் தட்டை மீனையும் ஒருங்கே குறிக்கும் சொல்லினின்று வந்ததே. நம் காசிமேட்டில் நாக்கு மீன் என விற்பது அத்தகைய தட்டை மீனே. கடல் கடந்தும் காலைக் கண்டவர்க்கு மீன் நினைவு வந்தது போலும்!

மேலே தெரியும் தசை இரு கிளைகளாக, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பின் அடியில் தோன்றும். உள்ளே கிடக்கும் தட்டைத் தசை, முழங்காலுக்குக் கீழேயுள்ள இரண்டு கணைக்கால் எலும்புகளில் தோன்றும். இவ்விரண்டும் கீழிறங்கி, தசைத்தன்மை நீங்கி, வெண்மையான ஒரே கயிறாகச் சேரும். அதுவே குதிநாண். உடலில் உள்ள நாண்களுள் மிகப் பருமையும் வலிமையும் வாய்ந்தது இது. நீளம் ஏறக்குறைய 15 செ.மீ. மேலே அகன்று தொடங்கி, குதிக்குச் சற்று மேலே மிக ஒடுங்கி, பின்னர் விசிறிபோல் மீண்டும் விரிந்து எலும்பைப் பற்றும். நீங்களே உங்கள் குதியின் மேற்புறத்தைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துப் பாருங்கள். பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் அது விறைப்பதும் தளர்வதும் புலனாகும்.

இந்நாணின் இழைகள் நேராக இறங்குவன அல்ல. ஏறத்தாழக் கால்வட்ட அளவு முறுக்கிக்கொண்டு இறங்குவன. மேல்தசையின் இழைகள் பெரும்பாலும் வெளிப்பக்கமாகவும், உள்தசையின் இழைகள் உட்பக்கமாகவும் சென்று சேரும். கயிறு திரிப்போர் புரியை முறுக்குவது எதற்கென்று அறிவோர்க்கு இதன் பயன் விளங்கும்.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். பாட்டி ‘நரம்பு பிசகியது’ என்றார் அல்லவா? நம் மக்கள் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பையும், குருதி செல்லும் குழாயையும், தசையை எலும்போடு கட்டும் கயிற்றையும் ‘நரம்பு’ என ஒரே சொல்லால் வழங்குகின்றனர். யாழில் கட்டிய தந்தியை நரம்பு என்றனர் நம் முன்னோர். இழுத்துக் கட்டியது எதுவாயினும் நரம்பெனல் ஒருவகையில் பொருத்தமே. ஆயினும் மருத்துவத்தில் இவ்வொருசொல் பல்பொருள் தீங்கு விளைக்கும். ‘பிசகிய நரம்பை’ இழுத்துவிட எண்ணுபவர், இழுபட்டு நொந்திருக்கும் நாணையே மேலும் இழுத்துவிடுவர். ஆகவே அறிவியலார் இதனைத் ‘தசைநாண்’ எனப் பெயரிட்டது சாலப் பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வில்லில் வளைவது தண்டு, நாண் நீள்வதில்லை. காலிலோ நாணே சிறிது நீண்டு, ஓடும்போது விசையைத் தன்னுள் தேக்கி, அடுத்த அடியில் அதனைத் திருப்பித் தருகின்றது. வில்லும் தானே, நாணும் தானே!

மேனாட்டார் இதற்கு அக்கிலீஸ் என்னும் வீரன் பெயரை இட்டனர். கிரேக்கக் கதையில் அவன் தாய் தெட்டிஸ், மகனை எப்படைக்கலமும் துளைக்காதிருக்க வேண்டி ஸ்டிக்ஸ் என்னும் ஆற்றில் அமிழ்த்தினாள்; அவள் பிடித்திருந்த குதி மட்டும் நனையவில்லை. அவ்விடத்தே அம்பு பட்டு அவன் மாண்டான். இக்கதை ஹோமர் பாடிய இலியத்தில் இல்லை, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்டேஷியஸ் என்னும் உரோமப் புலவர் நூலிலேயே காணப்படுகின்றது. நம் பாரதத்திலும் கண்ணன் ஜரன் என்னும் வேடன் எய்த அம்பு உள்ளங்காலில் பட்டே உலகை நீத்தான் என்பர். பெயரிட்ட மருத்துவரின் வரலாறு இவற்றினும் உருக்கமானது. பெல்ஜியத்தைச் சார்ந்த பிலிப் பெர்ஹெயன் உழவர் மகன். சமயகுருவாகப் பயின்று வந்தவர். நோயுற்ற ஒரு காலை எடுத்துவிட நேர்ந்தமையால் அவ்வழியை விடுத்து மருத்துவம் பயின்றார். அவர் 1693-இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில் இந்நாணை ‘அக்கிலீஸின் கயிறு’ என எழுதினார். எடுக்கப்பட்ட தம் காலையே பாதுகாத்து வைத்து அறுத்து ஆராய்ந்தார் என்று ஒரு கதையும் வழங்குகின்றது.

இனி, நாண் எலும்பைப் பற்றும் இடத்திற்கு வருவோம். இதுவே இப்பொருளின் உயிர்நிலை. மென்மையும் வளைவும் உடைய கயிற்றை வன்மையான எலும்போடு நேரே ஒட்டினால் யாது நிகழும்? துறைமுகத்தில் கப்பலைக் கட்டிய கயிறு, நடுவே அறுதலினும் இரும்போடு உரசும் இடத்தில் அறுதலே மிகுதி. இரண்டு வேறுபட்ட பொருள்கள் கூடும் எல்லையில் இழுப்பெல்லாம் திரண்டு நிற்கும். நம் உடல் இவ்விடரை நான்கு படிகளால் கடக்கின்றது. முதலில் தூய நாண், அடுத்து நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு படலம், அதனை அடுத்து அதே படலம் சுண்ணச்சத்து ஏறி இறுகிய நிலை, இறுதியில் எலும்பு. மென்மை சிறிது சிறிதாக வன்மையாக மாறுதலின், இழுப்பு ஓரிடத்தில் குவியாமல் பரவிச் செல்கின்றது. இறுகிய படலமும் எலும்பும் ஒன்றோடொன்று பற்களைப்போல் கோத்துக்கொண்டிருக்கும். தச்சர் இரு மரங்களைக் கோக்கும் முறையை நினைத்துக் கொள்க.

மருத்துவ அம்மையார் காட்டிய எலும்பின் மேற்பகுதி வழவழப்பாக இருந்தது என்றேன். நாண் அங்கே ஒட்டுவதில்லை. அதன்மேல் படிந்து இறங்குகின்றது. பாதம் மேல்நோக்கி மடியும்போது நாண் அவ்வெலும்பின் முனையில் அழுந்தும். கிணற்று உருளையின் மேல் கயிறு அழுந்துமாறு போல. உரசித் தேயாதிருக்க, இரண்டிற்கும் இடையே குதிரைலாடம் போன்ற வடிவுடைய ஒரு சிறு நீர்ப்பை உளது. வழவழப்பான நீர் சில துளிகளே அதனுள் இருக்கும். அதற்கு மேலே ஒரு கொழுப்புத் திரள் அமைந்து, பாதம் கீழ்நோக்கி அசையும்போது அதன் நுனி அப்பையினுள் நாவைப்போல் நுழைந்து, மேல்நோக்கி அசையும்போது வெளியேறுகின்றது. நாணுக்கும் தோலுக்கும் இடையே மற்றொரு சிறு பையும் உண்டு. ஒரே ஓர் ஒட்டிற்கு இத்துணைக் காவலா என்று வியந்து வினவினேன்.

“அது தாங்கும் சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள், ஐயா” என்று ஒரு தாளை நீட்டினார். கணுவின் அச்சிலிருந்து நாண் பற்றும் இடம் வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 5 செ.மீ. பின்னே உளது. பெருவிரலின் அடிமேடோ 12 செ.மீ. அளவில் முன்னே உளது. ஒற்றைக் காலின் முன்பகுதியில் எழுந்து நிற்கும்போது முன்னே நிலம் உடல் எடை முழுவதையும் ஏந்தித் தள்ளுகின்றது; பின்னே நாண் அதனை ஈடுசெய்ய வேண்டும். நெம்புகோல் விதியின்படி நாணின் இழுப்பு எடையைப் போல் இரண்டு மடங்கினும் சற்று மிகுதியாதல் வேண்டும். 30 கிலோ எடையுள்ள சிறுவன் ஒற்றைக்காலில் எம்பி நின்றால் அவன் குதிநாண் 70 கிலோவுக்கு மேல் இழுபடுகின்றது. துறைமுகக் கூலியாளர் முற்காலத்தில் முதுகில் ஏற்றிய அரிசி மூட்டையின் எடை ஏறக்குறைய இதுவே. இது நிற்கும்போது. ஓடும்போதும் குதிக்கும்போதும் இவ்விழுப்பு உடல் எடையைப்போல் பன்னிரு மடங்குவரை உயர்வதாக அளந்துள்ளனர். குதித்தற்குக் கருவியாவது குதி. தமிழில் வினைக்கும் உறுப்பிற்கும் ஒரே சொல் அமைந்தமையை அன்றுதான் யான் ஊன்றி நோக்கினேன்.

இவ்வளவும் கேட்ட பாட்டி, “அம்மா, என் பேரனுக்கு நாண் அறுந்துவிட்டதா?” என்று நடுங்கிய குரலில் கேட்டார். மருத்துவர் பையனைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்குமாறு செய்து, ஆடுசதையை மெல்லப் பிசைந்தார். பிசையுந்தோறும் பாதம் கீழ்நோக்கி அசைந்தது. “நாண் அறுந்திருந்தால் பாதம் அசையாது. அவனுக்கு அறவில்லை” என்றார். இச்சிறு சோதனைக்குக் கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. பின்னர்க் குதியெலும்பின் இருபுறத்தையும் இரு உள்ளங்கைகளால் அழுத்தினார். பையன் “ஆ!” என்று காலை இழுத்துக்கொண்டான்.

வளர்ந்தோர்க்கு உள்ளது போன்ற ஒரே எலும்பாகச் சிறுவர் குதி இருப்பதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. ஏறக்குறைய ஏழெட்டு வயதில் குதியின் பின்முகத்தில் ஒரு தனி எலும்புத் துண்டு தோன்றும். அதற்கும் முதன்மை எலும்பிற்கும் இடையே வளரும் குருத்தெலும்பு ஒரு தகடுபோல் அமைந்திருக்கும். ஏறத்தாழப் பதினைந்து வயதளவில் இரண்டும் இணைந்து ஒன்றாகும். அதுகாறும் நாண் பற்றியிருப்பது அப்பின்துண்டையே. விரைந்து உயரும் பருவத்தில் கணைக்கால் எலும்புகள் முந்தி நீளும். தசையும் நாணும் பிந்தி நிற்கும். எனவே நாண் எப்போதும் இறுகி நிற்க, கடுந்தரையில் ஓடும் ஒவ்வோர் அடியிலும் அப்பின்துண்டு மேல்நோக்கி இழுபட்டும், நிலத்தில் மோதுண்டும் நொந்துபோகும். 1912-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சீவர் என்பார் இதனை விரித்தெழுதியமையின் அவர் பெயரால் இது வழங்கும். வளரும் குருத்தில் என் கட்டைவிரலை ஊன்றி எண்ணெய் தேய்த்திருக்கின்றேன் என்பதை எண்ணியபோது என் முகம் வாடிற்று. “தெரியாமல் செய்தது தானே, ஐயா! எலும்புக்குக் கேடில்லை, வலி மட்டும் மிகுந்தது” என்று அவர் ஆறுதல் கூறினார்.

வளர்ந்தோர்க்கு வரும் துன்பம் வேறு. நாண் பற்றும் இடத்திலேயே நோவு தோன்றுவதும், அங்கே சுண்ணம் படிந்து முள்போல் வளர்வதும் உண்டு. எலும்பின் மேல்முனை இயல்பினும் புடைத்து, காலணியின் விறைத்த விளிம்போடு உரசுதலும் ஒரு வகை. 1928-இல் சுவீடன் நாட்டு ஹாக்லண்டு அதனை எடுத்துரைத்தார். நாண் அறுதலோ பெரும்பாலும் பற்றும் இடத்தில் அன்று. அதற்கு 2 முதல் 6 செ.மீ. மேலே, குருதியோட்டம் குறைந்த ஒடுங்கிய பகுதியிலேயே நிகழும். யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் தோன்றுமாம். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இரார். 2010 மார்ச்சுத் திங்களில் மிலான் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த டேவிட் பெக்காமுக்கு இடக்கால் நாண் அறுந்தது. அவ்வாண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் அவரால் ஆட இயலவில்லை. நம் நாட்டு வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி, 2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குப் பின்னர், 2024 பிப்ரவரியில் இலண்டனில் இந்நாணுக்காக அறுவை செய்துகொண்டு பல திங்கள் ஒதுங்கியிருந்தார். கோடி பொருளும் சிறந்த மருத்துவரும் உடையோர்க்கும் நாண் தன் காலத்திலேயே ஆறும். விரைவுபடுத்த ஒருவராலும் இயலாது.

சிறுவனுக்கு மருத்துவர் கூறியவை எளியனவே. வலி தீரும்வரை ஓட்டமும் குதித்தலும் நிறுத்தல். ஆட்டம் ஆடிய நாளில் துணியில் பொதிந்த பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தல். காலணியினுள் குதிக்கு அடியில் மென்மையான சிறு மேடை ஒன்று வைத்து நாணின் இழுப்பைத் தளர்த்தல். நோவு தணிந்தபின் சுவரில் கையூன்றி நின்று ஆடுசதையை மெல்ல நீட்டிப் பழகல். சுளுக்கு எடுத்தல் கூடாது. நாணின் உள்ளே ஊசி போடச் சொல்வோர் சொல்லையும் கேட்கலாகாது என்றார். ஏனெனில் வலி அடங்கினும் நாண் நலிந்து அறுதல் கூடும்.

“தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாளே இருக்கிறது” என்றான் பையன். இதுகாறும் அவன் கேட்ட செய்திகளுள் அவனுக்கு வேண்டியது அது ஒன்றே.

மருத்துவர் அவனருகே அமர்ந்தார். “இந்தத் துண்டும் எலும்பும் ஒன்றாகும்வரை வலி வரும், போகும், தம்பி. எப்போது ஓடலாம் என்று உன் குதியே சொல்லும்; நான் நாள் குறிக்க முடியாது” என்றார். பையன் மறுமொழி கூறவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவின் வெளியே பார்த்தவாறே வந்தான்.

தேர்வு நாளன்று அவன் திடலுக்கு வந்தான். ஆடவில்லை. என் பக்கத்தில் அமர்ந்து, ஆடியோர் பெயரையும் அவர்கள் இட்ட கோல்களையும் ஒரு பழைய குறிப்பேட்டில் எழுதினான். அவனோடு ஒத்த வயதினர் இருவர் தேர்வாயினர். அவர்களை முதலில் சென்று கட்டிக்கொண்டவன் அவனே. அதன் பின்னரே, ஒருவரும் காணாதவாறு கண்ணைத் துடைத்துக்கொண்டான். யான் கண்டும் காணாதவன் போலிருந்தேன்.

ஏழு வாரங்கள் கழிந்தன. மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றோம். அம்மையார் குதியின் இருபுறத்தையும் முன்போலவே அழுத்தினார். பையன் காலை இழுக்கவில்லை. கூச்சம் தாங்காமல் சிரித்தான். அன்று மாலை காலணியினுள் அந்தச் சிறு மேடையைச் சரிபார்த்து வைத்து, நாடாவை இறுக்கி முடிந்து, சுவரில் கையூன்றி ஆடுசதையை நீட்டினான். “தாத்தா, எண்ணுங்கள்” என்றான். முப்பது வரை எண்ணினேன். பிறகு அவன் திடலுக்குள் ஓடினான். முதற் சில அடிகளில் அவன் குதி முழுமையாக நிலத்தில் ஊன்றுகின்றதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊன்றியது.